பாதரசத்துக்கு ஒரு முறிவு

2004-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சிகாகோ. தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர்கள் தங்கள் வேலை மணிக்கணக்கையும் பயணச் செலவையும் பதிவு செய்ய, அலுவலகத்துக்குள்ளேயே எழுதப்பட்ட ஒரு செயலியைப் பயன்படுத்தினார்கள். வெளி வாடிக்கையாளர் கண்ணில் படாத சாதாரணச் செயலி. பிரவுசரில் ஓடும், ஜாவாஸ்கிரிப்ட் நிறையக் கலந்தது. அன்றைக்கு ஊரெல்லாம் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான். தாட்வொர்க்ஸ் ஆட்களில் பலர் மட்டும் மொஸில்லா வகைப் பிரவுசர்களை விடமாட்டேன் என்றிருந்தார்கள். ஒன்றில் ஒழுங்காக வரும் பக்கம் மற்றொன்றில் மக்கர் செய்யும். உடனே புகார் பறக்கும். புகார் கொடுப்பவர்களும் புரோகிராமர்கள். ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட முடியாது.

அந்தச் செயலியில் வேலை செய்தவர் ஜேசன் ஹக்கின்ஸ். ஒரு பிரவுசருக்காகத் திருத்தினால் இன்னொன்றில் கெடும். திருத்தியதைச் சோதித்தால் மட்டும் போதாது. நேற்றுவரை ஒழுங்காக இருந்ததெல்லாம் இன்றும் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒவ்வொரு பிரவுசரிலும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். இதைத்தான் ரெக்ரஷன் டெஸ்டிங் என்கிறார்கள். ஓட்டு வீட்டில் ஒழுகலை அடைக்கக் கூரை ஏறியவர் பக்கத்து ஓட்டை மிதித்து உடைத்துவிட்டு இறங்குவார் அல்லவா, அதே கதை. ஐபிஎம்மில் பெரிய ஆபரேட்டிங் சிஸ்டம் திட்டத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், 1975-இல் வெளிவந்த 'தி மித்திக்கல் மேன்-மந்த்' நூலில் இதற்கு ஒரு கணக்கே கொடுத்தார்: ஒரு பிழையைத் திருத்தும்போது புதிதாக இன்னொன்று நுழைய 20 முதல் 50 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. எனவே, கொள்கையளவில் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பழைய சோதனைகள் அத்தனையையும் மறுபடி ஓட்ட வேண்டும் என்றார். அது செலவு பிடிக்கும் வேலை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

கையால் செய்தால் செலவு மட்டுமில்லை, அலுப்பும் கூட. அதே லாகின், அதே படிவம், அதே பொத்தான். நாற்பதாவது முறை பார்க்கும் கண் பிழையைப் பார்க்காது. மெஷினிடம் ஒப்படைக்க வேண்டிய வேலை இது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படி என்பதுதான் சிக்கல். இலவசமாகக் கிடைத்த கருவிகள் ஒன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் வேலை செய்தன, அல்லது ஹெச்டிடிபியூனிட் போல பிரவுசரே இல்லாமல் பிரவுசர் மாதிரி நடித்தன. நடிக்கிற பிரவுசரில் பாஸ் ஆனால் நிஜப் பிரவுசரிலும் பாஸ் ஆகும் என்று யார் சொன்னது? விலைக்கு விற்கப்பட்ட கருவிகளைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. ஒரு லைசென்ஸ் வாங்கினால் அந்தச் சின்னத் திட்டத்தின் பட்ஜெட்டே காலி.

ஹக்கின்ஸுக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. எந்தப் பிரவுசராக இருந்தாலும் அதில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும். அப்படியானால் சோதனைக் கருவியையே ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, செயலியின் பக்கங்களோடு சேர்த்துப் பிரவுசருக்குள் இறக்கிவிட்டால் என்ன? கட்டளைகளை ஒரு சாதாரண ஹெச்டிஎம்எல் அட்டவணையாக எழுதினார்கள். முதல் பத்தியில் என்ன செய்ய வேண்டும், இரண்டாவதில் எந்தப் பெட்டியில் அல்லது பொத்தானில், மூன்றாவதில் என்ன தட்டெழுத வேண்டும். விக்கியைக் கண்டுபிடித்த வார்ட் கன்னிங்ஹாமின் 'ஃபிட்' என்ற சோதனை முறையிலிருந்து எடுத்துக்கொண்ட யோசனை இது. ஓட்டினால், பிரவுசர் தானாகவே பெட்டிகளை நிரப்பிப் பொத்தானை அழுத்தும். அட்டவணையின் வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும், தவறினால் சிவப்பாகும். புரோகிராம் எழுதத் தெரியாதவர்கூடப் படித்துப் புரிந்துகொள்ளலாம். 2004-இன் இறுதியில் அதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டுவிட்டார்கள்.

பெயர் வைத்தது ஒரு நக்கலில். அந்தக் காலத்தில் சோதனைக் கருவிச் சந்தையின் ராஜா மெர்குரி இன்டராக்டிவ். 1989-இல் இஸ்ரேலில் தொடங்கிய நிறுவனம். வின்ரன்னர், குவிக்டெஸ்ட் புரொஃபஷனல் என்று அதன் சரக்குகள் பெரிய கம்பெனிகளில் எல்லாம் ஓடின. மெர்குரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்கு செலினியம் முறிவு என்று ஹக்கின்ஸ் ஒரு மின்னஞ்சலில் எழுதினார். அதைப் படித்தவர்கள் சிரித்தார்கள், பெயர் நிலைத்துவிட்டது. 2006-இல் ஹெச்பி நிறுவனம் மெர்குரியைச் சுமார் 450 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது செலினியம் வைத்திருந்தவர்களிடம் விற்க எதுவும் இல்லை.

இனி இந்தக் கருவியின் கதை முழுக்க ஒரே கேள்விதான்: அது எங்கே நிற்கிறது? பிரவுசருக்கு உள்ளேயா, வெளியேயா, பக்கத்தின் விருந்தாளியாகவா, வீட்டு ஆளாகவா?

முதல் செலினியம் பக்கத்துக்குள்ளேயே குடியிருந்தது. அதனாலேயே மாட்டிக்கொண்டது. ஒரு தளத்திலிருந்து வந்த ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் பக்கத்தைத் தொடக் கூடாது என்பது பிரவுசர்களின் அடிப்படைப் பாதுகாப்பு விதி. அது இல்லாவிட்டால், நீங்கள் திறந்துவைத்திருக்கும் ஏதோ ஒரு தளம் உங்கள் வங்கிப் பக்கத்துக்குள் கைவிட்டுவிடும். விதி நியாயமானது, ஆனால் செலினியமும் அதில் அடங்கிவிட்டது. சோதிக்கும் செயலி எந்த சர்வரில் இருக்கிறதோ அதே சர்வரில் செலினியத்தையும் ஏற்ற வேண்டும். பாதி வழியில் செயலி வேறு தளத்துக்குத் தாவினால் சோதனை அங்கேயே நின்றுபோகும்.

இதைச் சுற்றிக்கொண்டு போக வந்ததுதான் செலினியம் ஆர்சி. தாட்வொர்க்ஸில் ஹக்கின்ஸோடு இருந்த பால் ஹாமன்ட் முதலானவர்கள் நடுவில் ஒரு ப்ராக்ஸி சர்வரை உட்கார வைத்தார்கள். பிரவுசர் கேட்கும் பக்கம் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும்; செலினியத்தின் ஜாவாஸ்கிரிப்டும் அதே தளத்திலிருந்து வந்தது போல அது பிரவுசரை நம்ப வைத்துவிடும். சோதனையை ஜாவா, பைத்தான், ரூபி என்று விரும்பிய மொழியில் எழுத முடிந்தது. உண்மையில் செலினியம் உலகத்துக்குப் பரவியது இந்தக் கட்டத்தில்தான். ஜப்பானில் ஷின்யா கசதானி என்பவர் ஃபயர்ஃபாக்ஸில் செருகிக்கொள்ளும் செலினியம் ஐடிஇ-யை எழுதி, 2006-இல் திட்டத்துக்கே கொடுத்துவிட்டார். மவுஸைச் சொடுக்கினால் அது பதிவு செய்துகொள்ளும், திருப்பி ஓட்டும். பலர் செலினியத்தை முதன்முதலில் பார்த்தது இதில்தான். பதிவு செய்த ஸ்கிரிப்டையே காலத்துக்கும் ஓட்டலாம் என்று நம்பியவர்கள் அடுத்த ரிலீஸிலேயே திருந்தியிருப்பார்கள்.

ஆர்சியின் உள்ளே இருந்தது இன்னும் அதே ஜாவாஸ்கிரிப்ட்தான். கோப்பை அப்லோடு செய்யும் பெட்டியில் அதனால் எதையும் எழுத முடியாது, பிரவுசர் விடாது. அதைவிட மோசமான ஒன்று உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் அழுத்துகிற பொத்தான் நிஜமாக அழுத்தப்படுவதில்லை. அழுத்தியதாகப் பக்கத்துக்குச் சேதி போகிறது, அவ்வளவுதான். பொத்தானின் மேல் ஒரு விளம்பரப் பட்டை வந்து மூடியிருந்தாலும் சேதி போய்விடும், சோதனை பாஸ் ஆகிவிடும். வாடிக்கையாளரோ விளம்பரத்தைத்தான் அழுத்திக்கொண்டிருப்பார்.

அதே தாட்வொர்க்ஸில் வேலை பார்த்த சைமன் ஸ்டூவர்ட், 2007-இன் தொடக்கத்தில் வெப்டிரைவர் என்ற வேறொரு கருவியை வெளியிட்டார். அவர் வழி நேர்மாறானது. எல்லாப் பிரவுசருக்கும் பொதுவான ஒரு தந்திரம் வேண்டாம். ஒவ்வொரு பிரவுசரையும் அதனதன் வழியில் பிடிப்போம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு சி++, ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், இப்படி. பக்கத்துக்குள் உட்கார்ந்துகொண்டு நடிக்காமல், பிரவுசரின் கையையே பிடித்து இயக்குவது. வேலை பல மடங்கு. ஆனால் சொடுக்கு நிஜச் சொடுக்கு. ஹக்கின்ஸ் 2007-இல் கூகுளுக்குப் போனார், பின்னர் ஸ்டூவர்ட்டும் போனார். 2009-இல் இரண்டு திட்டங்களும் ஒன்றாக முடிவு செய்தன. 2011 ஜூலையில் செலினியம் 2 வந்தபோது பெயர் ஹக்கின்ஸுடையது, உள்ளிருந்த எந்திரம் ஸ்டூவர்ட்டுடையது. ஓப்பன் சோர்ஸ் உலகத்தில் போட்டித் திட்டங்கள் இப்படிச் சண்டையில்லாமல் சேர்வது அபூர்வம்.

ஒரு சொடுக்கைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். லாகின் பக்கம். ஸ்கிரிப்டில் ஒரே வரி: 'சப்மிட் பொத்தானைக் கண்டுபிடி, அழுத்து.' குரோம் பிரவுசர் என்றால், அந்த வரி ஹெச்டிடிபி கோரிக்கைகளாக மாறி, அதே கம்ப்யூட்டரில் ஒரு போர்ட்டில் காத்திருக்கும் குரோம்டிரைவர் என்ற சிறு புரோகிராமுக்குப் போகிறது. அது குரோமிடம் பேசி, அந்த அடையாளத்தில் ஒரு பொத்தான் இருக்கிறதா என்று கேட்கிறது. இருந்தால் திரையில் தெரியும் இடத்துக்குப் பக்கத்தை நகர்த்துகிறது. பொத்தானின் மையப் புள்ளி எது என்று கணக்கிடுகிறது. அந்தப் புள்ளியில் பொத்தான்தான் மேலே இருக்கிறதா, வேறெதுவும் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறது. குக்கீ அனுமதி கேட்கும் பட்டை குறுக்கே நின்றால், 'க்ளிக் இன்டர்செப்டட்' என்று பிழை திரும்பி வரும். சோதனை எழுதுபவர்கள் இந்தப் பிழையைத் திட்டித் தீர்ப்பார்கள். உண்மையில் அது செலினியம் சொல்லும் மிகப் பயனுள்ள வாக்கியங்களில் ஒன்று: உங்கள் வாடிக்கையாளராலும் இதை அழுத்த முடியாது.

2011-க்குப் பிறகான ஆண்டுகளில்தான் செலினியம் சென்னைக்கு ஒரு பிழைப்பாக ஆனது. அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளின், காப்பீட்டு நிறுவனங்களின் ரெக்ரஷன் வேலையை ஏற்கெனவே மேனுவலாகச் செய்துவந்த ஓஎம்ஆர் சாலை ஐடி கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆட்டோமேஷனுக்கு மாறின. வேளச்சேரியிலும் தி.நகரிலும் 'செலினியம் வித் ஜாவா' வகுப்புகள் முளைத்தன. மேனுவல் டெஸ்டராகச் சேர்ந்து, வார இறுதியில் வகுப்புக்குப் போய், ஆட்டோமேஷன் இன்ஜினியர் என்று அட்டை மாற்றிக்கொண்ட தலைமுறை ஒன்று உண்டு. மெக்கானிக்கல், சிவில் படித்துவிட்டு ஐடிக்குள் நுழைந்த பலருக்கும் இது கதவாக இருந்தது. லைசென்ஸ் காசு கேட்காத கருவி என்பதால் வீட்டு லேப்டாப்பிலேயே பழக முடிந்தது. மெர்குரியின் சரக்கில் அது நடந்திருக்காது. செலினியத்தின் சர்வதேச மாநாடு 2014-இல் பெங்களூரில் கூடியதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் மெஷினிடம் ஒப்படைத்த வேலை அப்படியே தீர்ந்துவிடவில்லை. வேறு வேலையாக மாறியது. பொத்தானை அடையாளம் சொல்ல 'லொக்கேட்டர்' வேண்டும். டெவலப்பர் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லில் ஒரு டிவ்வைக் கூட்டினால், பொத்தானுக்குப் போகும் பாதையைச் சொல்லும் நீளமான எக்ஸ்பாத் லொக்கேட்டர் செத்துப்போகும். பிழை வரும்: 'நோ சச் எலிமென்ட்'. பக்கம் பாதி மாறியபின், முன்பே கண்டுபிடித்து வைத்த பழைய பொத்தானைத் தொட்டால் 'ஸ்டேல் எலிமென்ட்'. எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி காத்திருப்பது. மனிதன் பக்கம் வரும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பான். ஸ்கிரிப்டுக்கு அந்தப் பொறுமையைக் கற்றுத்தர வேண்டும். அவசரத்தில் எழுதுபவர்கள் ஐந்து விநாடி 'ஸ்லீப்' போட்டுவிட்டுப் போவார்கள். சர்வர் வேகமாக இருந்தால் அந்த விநாடிகள் வீண். மெதுவாக இருந்தால் சோதனை ஃபெயில். ஆயிரம் சோதனைகளில் ஒவ்வொரு படியிலும் இப்படி ஸ்லீப் போட்டால் ராத்திரி முழுக்க ஓடினாலும் முடியாது.

இன்று பாஸ், நாளை ஃபெயில், கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இதற்கு 'ஃப்ளேக்கி' என்று பெயர். கூகுள் 2016-இல் தன் கணக்கை வெளியிட்டது: அங்கே ஓடும் சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படி நம்ப முடியாத முடிவு தருகின்றன. சோதனைகளில் ஏறத்தாழ 16 சதவீதத்தில் ஏதோ ஓர் அளவுக்கு இந்தக் குணம் உண்டு. இது எல்லா வகைச் சோதனைக்கும் சேர்த்த கணக்கு. பிரவுசர் வழியே ஓடுபவை பொதுவாக இன்னும் மோசம். காலையில் வந்து சிவப்பாக இருப்பதைப் பார்த்ததும் 'மறுபடி ஓட்டிப் பார்' என்று சொல்லப் பழகிவிட்ட குழு, நிஜப் பிழை வந்த நாளிலும் அதையேதான் சொல்லும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. பிரவுசர் புதுப்பதிப்புக்கு மாறும், டிரைவர் மாறாது. 2016 ஆகஸ்டில் ஃபயர்ஃபாக்ஸ் 48 வந்தபோது, டிஜிட்டல் கையெழுத்து இல்லாத எக்ஸ்டென்ஷன்களை அது ஏற்கவில்லை. செலினியத்தின் பழைய ஃபயர்ஃபாக்ஸ் வழி ஒரே நாளில் அடைபட்டது. எல்லோரும் மொஸில்லாவின் கெக்கோடிரைவருக்கு மாற வேண்டியதாயிற்று. குரோமில் இது வாடிக்கையாகவே நடந்தது. ராத்திரியில் குரோம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். காலையில் எல்லா ஸ்கிரிப்டும் தொடக்கத்திலேயே விழும். பதிப்பு எண் பொருந்தும் குரோம்டிரைவரைத் தேடிப் பிடித்து இறக்கி வைப்பது டெஸ்டரின் அன்றாடக் கடமையாக இருந்தது. 2022 நவம்பரில் வந்த செலினியம் 4.6-இல்தான் பொருத்தமான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும் 'செலினியம் மேனேஜர்' சேர்ந்தது. பதினெட்டு வயதான கருவிக்கு அது ரொம்பத் தாமதம் என்பது என் எண்ணம்.

இதற்கிடையில் பெரிய திருப்பம் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருந்தது. பிரவுசரை இயக்கும் கருவியைப் பிரவுசர் தயாரிப்பாளர்களே செய்து தர வேண்டும் என்று வெப்டிரைவர் ஆட்கள் வாதாடினார்கள். ஸ்டூவர்ட்டும் மொஸில்லாவின் டேவிட் பர்ன்ஸும் விதிமுறையை எழுத, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018 ஜூன் 5 அன்று வெப்டிரைவரை அதிகாரபூர்வப் பரிந்துரையாக வெளியிட்டது. குரோமுக்கு கூகுள், ஃபயர்ஃபாக்ஸுக்கு மொஸில்லா, எட்ஜுக்கு மைக்ரோசாஃப்ட் என்று டிரைவர் பொறுப்பு அவரவர் வீட்டுக்குப் போனது. ஆப்பிள் ஒருபடி முன்னே. 2016-இல் வந்த சஃபாரி 10 முதல் சஃபாரிடிரைவரை மேக் கம்ப்யூட்டரோடு சேர்த்தே கொடுக்கிறது. சிகாகோவில் செலவுக் கணக்குச் செயலிக்காக எழுதிய குறுக்கு வழி, உலகத்தின் எல்லாப் பெரிய பிரவுசர்களுக்குள்ளும் ஒரு நிரந்தர வாசலாகிவிட்டது. செலினியத்தின் சாதனை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வாசல் திறந்தால் திருடனும் வருவான். டிக்கெட்டை மொத்தமாக அள்ளும் ரோபோக்களும் போலிக் கணக்கு திறப்பவர்களும் இதே வழியில்தான் நுழைந்தார்கள். அதனால் விதிமுறையிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: பிரவுசர் வெப்டிரைவரால் ஓட்டப்படும்போது, கேட்கும் பக்கத்திடம் 'ஆமாம், என்னை ஒரு மெஷின்தான் ஓட்டுகிறது' என்று ஒப்புக்கொள்ளும் ஒரு குறி எழும்ப வேண்டும். அதை மறைக்கும் வித்தைகளும் உடனே வந்துவிட்டன.

பிள்ளைகளும் பிறந்தன. வெப்டிரைவர் மொழியையே மொபைல் செயலிகளுக்குப் பேசும் ஆப்பியம், டான் குவெல்லார் 2012-இல் லண்டன் செலினியம் மாநாட்டில் காட்டிய சிறு கருவியிலிருந்து வளர்ந்தது. ஹக்கின்ஸ் 2008-இல் சாஸ் லேப்ஸ் நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார். பிறகு ஆங்ரி பேர்ட்ஸ் ஆட்டத்தை விரலால் தொட்டு ஆடும் ஒரு ரோபோவைச் செய்தார். திரையையே தொட்டுச் சோதிக்கும் மெஷின்! மெர்குரியின் சரக்கு 2017-இல் மைக்ரோ ஃபோகஸுக்கும், 2023-இல் ஓப்பன்டெக்ஸ்டுக்கும் கைமாறி இன்னும் உயிரோடு இருக்கிறது. செலினியம் அதை முறிக்கவில்லை. ஓரமாக உட்கார வைத்துவிட்டது.

இப்போது செலினியத்தையும் ஓரம்கட்ட ஆள் வந்தாயிற்று. கூகுளில் பப்பட்டியர் என்ற பிரவுசர் இயக்கும் கருவியைச் செய்த குழுவினர் மைக்ரோசாஃப்டுக்கு மாறி, 2020 ஜனவரியில் ப்ளேரைட் என்ற கருவியை வெளியிட்டார்கள். பொத்தான் தயாராகும்வரை அது தானே காத்திருக்கும், ஸ்லீப் வேண்டாம். புதுத் திட்டம் தொடங்குபவர் அதை எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல ஆண்டுகளாக எழுதிக் குவித்த செலினியம் ஸ்கிரிப்டுகளைத் தூக்கிப்போட வங்கிகளுக்கு மனம் வராது. எனவே வேலை இருக்கும். செலினியமும் சும்மா இல்லை. பிரவுசரே நிகழ்வுகளைத் திருப்பிச் சொல்லும் இருவழி வெப்டிரைவரை டபிள்யூ3சியில் பிரவுசர் நிறுவனங்களோடு சேர்ந்து வகுத்துவருகிறார்கள்.

இந்தக் கருவி எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற லாபநோக்கில்லாத அமைப்பின் குடையில், பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடக்கிறது. அதன் அதிகாரபூர்வ ஆவணங்கள் ஆங்கிலம் தவிர ஜப்பானியம், சீனம், பிரேசில் போர்ச்சுகீசியம் ஆகிய மொழிகளிலும் கிடைக்கின்றன. தமிழில் இல்லை. சென்னையிலும் கோவையிலும் இத்தனை பேர் இதை வைத்துச் சம்பளம் வாங்குகிறோம். ஆவணங்களின் மூலம் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது; யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து அனுப்பலாம். வார இறுதி வகுப்பு எடுப்பவர்கள் தங்கள் மாணவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம் என்று கொடுத்தாலே வேலை தொடங்கிவிடும்.